ரைக்கார்ட்: தடுப்பாட்டக்காரரா, நடுக்கள வீரரா?

வணக்கம். ஆண்டுமலருக்காக நெதர்லாந்து கால்பந்து வீரர் ஃபிராங்க் ரைக்கார்டைப் பற்றி எழுதும் நீங்கள், அவரைத் தடுப்பாட்டக்காரர் என்பதா நடுக்கள வீரர் என்பதா என்றும், நெதர்லாந்துக் கழகமான ஸ்பார்ட்டா ராட்டர்டாம் கீழ்ப்பிரிவுக்குத் தரமிறங்கியபோது பயிற்சியாளராக இருந்தவரை பார்சிலோனா எப்படி அழைத்தது என்றும் கேட்டிருந்தீர்கள்.

1988-இல் நாடுகளுக்கான யூரோ கோப்பையை நெதர்லாந்து வென்றபோது அவர் ரொனால்ட் கூமனுடன் தடுப்பின் மையத்தில் ஆடினார். அதே ஆண்டு இத்தாலியக் கழகமான மிலானுக்குச் சென்றபின் அதன் பயிற்சியாளர் அரிகோ சாக்கி அவரை நடுக்களத்தில் நிறுத்தினார். ஆகவே நடுக்கள வீரர் என்றே எழுதி, தொடக்கத்தை ஒரு வரியில் குறிப்பிடுங்கள். 1990-இல் வியன்னாவில் நடந்த, கழகங்களுக்கான ஐரோப்பியக் கோப்பை (இன்றைய சாம்பியன்ஸ் லீக்) இறுதியாட்டத்தில், நடுக்களத்திலிருந்து முன்னேறி, சக மிலான் வீரர் வான் பாஸ்டன் தந்த பந்தை வாங்கி பென்ஃபிகாவுக்கு எதிராக ஒரே கோலை அடித்தவர் அவர்தான். 1995-இல் அதே அரங்கில், அதே கோப்பையின் இறுதியாட்டத்தில், நெதர்லாந்துக் கழகமான அயாக்ஸ் வீரராகத் தம் பழைய மிலானையே எதிர்த்து, க்ளைவர்ட்டின் வெற்றிக் கோலுக்குப் பந்து கொடுத்தார். இந்த இரண்டு இரவுகளையும் கட்டாயம் சேருங்கள்; என்னைப் பொறுத்தவரை அவருடைய ஆட்டத்தின் உச்சம் அதுதான்.

2002-இல் ஸ்பார்ட்டா முதல்முறையாகத் தரமிறங்கியதை மறைக்க வேண்டாம். ஆனால், அதற்கு முன் 2000 யூரோவில் நெதர்லாந்தை அரையிறுதி வரை அழைத்துச் சென்றவரும் அவரே. 2003-இல் யோகன் க்ரைஃபின் பரிந்துரையோடு பார்சிலோனாவுக்கு வந்தவர், 2005, 2006 லீக் பட்டங்களையும் 2006 சாம்பியன்ஸ் லீகையும் வென்று தந்தார். மெஸ்ஸியை முதன்முதலில் லீக் ஆட்டத்தில் களமிறக்கியவரும் அவர்தான்.