ஷெரிஃபிடம் கணக்குக் கேட்டவர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

உத்திரமேரூர் கல்வெட்டைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் மறுபடி குடவோலைக்குத் தகுதியில்லை, அவருடைய உறவினருக்கும் தகுதியில்லை என்பது வியப்பாக இருந்தது. ஆனால் அது ஊர்ச்சபை. அரசரே நேரடியாக நியமித்த அதிகாரியை அந்தக் காலத்தில் யார் கேள்வி கேட்டிருக்க முடியும்? ராஜாவுக்கு வேண்டியவனாக இருந்தால் போதும், மக்களை என்ன வேண்டுமானாலும் செய்யலாம் என்பதுதானே நிலைமை? ஐரோப்பாவில் இதற்கு ஏதாவது ஏற்பாடு இருந்ததா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

ஏற்பாடு இருந்தது. வேண்டியவனிடமும் ராஜாக்கள் காசு விஷயத்தில் கறாராகவே இருந்தார்கள். மக்கள் பட்ட துன்பத்தில் பாதி அந்தக் கறாரிலிருந்து வந்தது என்பது என் எண்ணம். 12ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தை வைத்துச் சொல்கிறேன்.

அங்கே மாவட்டத்துக்கு ஒரு ஷெரிஃப். வசூல், மாவட்ட நீதிமன்றம், குற்றவாளியைப் பிடிப்பது எல்லாம் அவர் பொறுப்பு. ஆனால் அந்தப் பதவி பாதி குத்தகை. மாவட்டத்தில் அரசருக்கு வரவேண்டிய வழக்கமான வருமானத்துக்கு ஆண்டுக்கு இவ்வளவு என்று ஒரு தொகை நிர்ணயித்திருப்பார்கள். அதைக் கட்டிவிட்டால், மேற்கொண்டு கிடைப்பது ஷெரிஃபுக்கு.

ஈஸ்டருக்கு ஒரு முறை, செப்டம்பர் கடைசியில் மைக்கேல்மஸ் திருநாளுக்கு ஒரு முறை, ஷெரிஃப் எக்ஸ்செக்கர் என்ற கணக்கு மன்றத்துக்கு வந்தாக வேண்டும். அங்கே என்ன நடந்தது என்பதைப் பொருளாளராக இருந்த ரிச்சர்ட் ஃபிட்ஸ்நீலே எழுதிவைத்திருக்கிறார். பத்தடி நீளம் ஐந்தடி அகலத்தில் ஒரு மேசை, அதன்மேல் கோடு போட்ட கறுப்புத் துணி. பென்னிக்கு ஒரு பத்தி, ஷில்லிங்குக்கு ஒரு பத்தி, பவுண்டுக்கு ஒன்று, அதற்குமேல் இருபது, நூறு, ஆயிரம் என்று போகும். ஷெரிஃப் தரவேண்டியதற்கும் தந்ததற்கும் எல்லோர் கண்ணெதிரில் காய்களை வைத்துக் கழிப்பார்கள். எழுதப்படிக்கத் தெரியாத ஷெரிஃபுக்கும் எவ்வளவு பாக்கி என்பது தெரிந்துவிடும்.

ஈஸ்டருக்குக் கட்டிய பணத்துக்கு ரசீது ஒரு மரக்குச்சி. நூறு பவுண்டுக்குக் கட்டைவிரல் கனத்தில் வெட்டு, இருபது பவுண்டுக்குச் சுண்டுவிரல் கனம், ஒரு பவுண்டுக்கு முற்றிய வாற்கோதுமை மணியின் கனம். பிறகு குச்சியை நீளவாக்கில் பிளந்து ஆளுக்குப் பாதி. இரண்டையும் சேர்த்துவைத்தால் வெட்டுக்கள் பொருந்த வேண்டும், ஏமாற்ற வழியில்லை. நாணயத்தையும் நம்பவில்லை. பல மாவட்டங்களின் பணத்திலிருந்து 240 பென்னியை, அதாவது ஒரு பவுண்டை, எடுத்து ஷெரிஃபின் முன்னாலேயே உருக்கி, வெள்ளி எடை குறைந்தால் குறைந்த விகிதத்துக்கு மொத்தத் தொகைக்கும் ஈடுகட்டச் சொன்னார்கள். 1156 முதல் அந்தக் கணக்குச் சுருள்கள் ஏறத்தாழ விடாமல் கிடைக்கின்றன.

இவ்வளவையும் படித்தால் மலைப்பாக இருக்கும். ஆனால் அந்த மேசையில் கேட்கப்படாத கேள்வி ஒன்று உண்டு: இந்தப் பணத்தை யாரிடமிருந்து, எப்படி வாங்கினாய்? மேலே கணக்கு எவ்வளவு இறுகியதோ, அவ்வளவு இறுக்கமாக ஷெரிஃப் கீழே பிழிந்தார். பொய்யாகக் குற்றம் சாட்டி விடுவிக்கக் காசு, காரணமில்லாமல் அபராதம், தானியம், மாடு, எது கைக்கு எட்டியதோ அது.

அந்தக் கேள்வி 1170இல் வந்தது. இங்கிலாந்து அரசர் இரண்டாம் ஹென்றி 1166இல் கடல் கடந்து போனவர், நான்கு வருடம் கழித்து நார்மண்டியிலிருந்து திரும்பினார். வந்தவுடன் ஷெரிஃப்களில் பெரும்பாலானோரைப் பதவியிலிருந்து இறக்கிவிட்டு மாவட்டம் மாவட்டமாக விசாரணை வைத்தார். தான் போனதிலிருந்து ஷெரிஃபும் அவருடைய ஆட்களும் ஒவ்வொரு ஊரிடமும் ஒவ்வொரு ஆளிடமும் என்ன வாங்கினார்கள், தீர்ப்பின்படி வாங்கினார்களா, தீர்ப்பில்லாமலா? லஞ்சத்துக்காகவோ பகையாலோ யார்மீதாவது குற்றம் சாட்டினார்களா? காசு வாங்கிக்கொண்டு யாரையாவது விட்டார்களா? 1168இல் அரசர் மகளின் திருமணத்துக்காக வாங்கிய பணம் யார் கைக்குப் போனது? பிரபுக்களின் காரியஸ்தர்களையும் அவர் விடவில்லை.

அந்தக் கேள்விப் பட்டியலில் என்னை நிறுத்திய ஒரு கேள்வி உண்டு. அரசர் வருகிறார் என்று கேள்விப்பட்ட பிறகு, புகார் போகாமல் இருப்பதற்காக யாருக்காவது பணத்தைத் திருப்பிக் கொடுத்துச் சமாதானம் செய்துகொண்டார்களா? ஊரில் என்ன நடக்கும் என்று நன்றாகத் தெரிந்தவர்கள்தான் இதை எழுதியிருக்க முடியும். இறக்கப்பட்ட ஷெரிஃப்களின் இடத்தில் எக்ஸ்செக்கரில் பழகிய அலுவலர்கள் பலர் வந்தார்கள். இறக்கப்பட்டவர்களில் சிலர் பதவிக்குத் திரும்பி வந்து முன்பைவிடக் கொடுமை செய்ததாக அந்தக் காலத்து வரலாற்றுக் குறிப்பு ஒன்று சொல்கிறது. விசாரணை ஒரு முறை வந்தது, மேசை வருடத்துக்கு இரண்டு முறை வந்துகொண்டே இருந்தது.

உத்திரமேரூரை இதோடு வைத்துப் பார்க்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகளில் கணக்குக் கேட்டவர்களும் சபையார், காட்டவேண்டியவர்களும் சபையார். வரி கட்டும் நிலமும் சொந்த மனையில் வீடும் வேதக் கல்வியும் உள்ளவர்களின் ஏற்பாடு அது. அவர்கள் நிலத்தில் உழுதவர்கள் கணக்குக் கேட்கும் இடத்தில் இல்லை. இங்கிலாந்திலும் சத்தியம் செய்து சாட்சி சொன்னவர்கள் ஊரில் கொஞ்சம் வசதியுள்ளவர்களே. ஆனால் 1170இல் ஷெரிஃபைப் பற்றி அவருக்குக் கீழே இருந்தவர்களிடம் கேட்டார்கள். அந்த ஒரு காரணத்துக்காகவே அதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

பின்னால் அரசரான ஹென்றியின் மகன் ஜான் குத்தகைத் தொகைக்கு மேலேயும் கூடுதல் கேட்டார். ஷெரிஃப்களும் அதை ஊரிலிருந்தே எடுத்தார்கள். 1215இல் பிரபுக்கள் அவரிடம் வாங்கிய மாக்னா கார்ட்டா என்ற உரிமைச் சாசனத்தில், சட்டம் தெரிந்து அதைக் கடைப்பிடிக்க நினைப்பவரையே ஷெரிஃப் ஆக்க வேண்டும் என்று 45ஆவது விதி சொல்கிறது. 25ஆவது விதி இன்னும் ஆழமாகப் போகிறது: அரசரின் சொந்தப் பண்ணைகள் தவிர எல்லா மாவட்டங்களும் பழைய குத்தகைத் தொகையிலேயே இருக்க வேண்டும், கூடுதல் கேட்கக்கூடாது. ஷெரிஃபைக் கட்டுப்படுத்த அரசரின் கேட்பைக் கட்டுப்படுத்த வேண்டும் என்பது அந்தப் பிரபுக்களுக்குப் புரிந்திருந்தது.

மறு வருடம் ஜான் இறந்து, ஒன்பது வயது மகன் பட்டத்துக்கு வந்தான். அவன் பெயரில் ஆட்சி நடத்தியவர்கள் சாசனத்தை மறுபடி வெளியிட்டபோது இந்த இரண்டு விதிகளும் அதில் இல்லை.