மூன்று நாளுக்கு மியூனிக்கா, பாம்பெர்க்கா?

ஜெர்மனியில் மியூனிக்குக்குப் போவதா, பாம்பெர்க்குக்குப் போவதா என்று கேட்டிருந்தீர்கள். சிறிய பீர் ஆலைகளை நடந்தே சென்று பார்ப்பதுதான் உங்கள் நோக்கமென்றால், மூன்று நாள் பயணத்துக்குப் பாம்பெர்க்கையே தேர்ந்தெடுங்கள்.

நகரின் புகழை அளவுகோலாகக் கொண்டதால்தான் உங்களால் முடிவெடுக்க இயலவில்லை என்று நினைக்கிறேன். மியூனிக்கில் ஆறு பெரிய ஆலைகளே கோலோச்சுகின்றன. பாம்பெர்க்கிலோ, பீச் மரப் புகையில் உலர்த்திய மால்ட்டைக் (முளைகட்டிய தானியத்தை) கொண்டு ஷ்லெங்கெர்லா, ஸ்பெட்ஸியால் ஆகிய ஆலைகள் இன்றும் காய்ச்சும் புகை பீரை, 1993இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற பழைய நகரிலேயே அமர்ந்து அருந்தலாம். முதல் கோப்பையோடு வெறுத்துவிடாதீர்கள். அதன் சுவை மெல்லத்தான் பிடிபடும்.

விடுதியை முன்பதிவு செய்யுமுன், ஒவ்வோர் ஆலைக்கும் வார விடுமுறை எந்த நாள் என்று பாருங்கள்.

புளிப்பு பீர்தான் வேண்டுமென்றால் இந்த யோசனை பொருந்தாது. அதற்கு, 1900 முதல் இயங்கும் கான்டியோன் ஆலை உள்ள பிரஸ்ஸெல்ஸே ஏற்றது.