தெருக்கூத்துக் கலைஞர்களின் பழைய நேர்காணல் கேசட்டுகளை எண்ணியலாக்குவது எப்படி?

வாசகர் கேள்வி: என் தந்தை 1980களில் தெருக்கூத்து, நாகஸ்வரக் கலைஞர்களைச் சந்தித்து எடுத்த நேர்காணல்கள் கேசட்டுகளில் உள்ளன. சிலவற்றில் வெண்மையாகப் பூஞ்சை தெரிகிறது. இவற்றைக் கணினிக்கு மாற்றும்போது எவற்றைக் கவனிக்க வேண்டும்?

பதில்: பூஞ்சை படிந்த கேசட்டுகளை இயக்கிப் பார்க்காதீர்கள். அது டெக்கின் (கேசட்டை இயக்கும் கருவியின்) வழியாக மற்றவற்றுக்கும் பரவும் என்பதோடு மூச்சுக்கும் கெடுதி. அவற்றைத் தனித்தனி உறைகளில் பிரித்து வைத்து, நாடாக்களைச் சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் ஒப்படையுங்கள். நல்ல நிலையில் உள்ளவற்றின் பின்விளிம்பிலுள்ள சிறு பிளாஸ்டிக் தடுப்புகளை உடைத்துவிட்டால், தவறுதலாக மேலே பதிவாகாது. ஒரு பக்கம் 60 நிமிடம் ஓடும் கேசட்டுகளின் நாடா மிக மெல்லியது என்பதால் அவற்றை வேகமாகச் சுற்றுவதைத் தவிர்ப்பது நல்லது.

யூஎஸ்பி கம்பியுடன் வரும் மலிவான பிளேயர்களை நான் பரிந்துரைப்பதில்லை. பழுது நீக்கி, ஹெட்டை (நாடாவைத் தொட்டு ஒலியைப் படிக்கும் பகுதியை) ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் துடைத்த நல்ல டெக் ஒன்று தேவை. உங்கள் தந்தையின் ரெக்கார்டரில் ஹெட் இருந்த சாய்வும் இந்த டெக்கின் சாய்வும் ஒத்துப்போகாவிட்டால் பேச்சு மழுங்கிக் கேட்கும். ஆகவே ஒவ்வொரு கேசட்டுக்கும் ஹெட்டின் ஓரத்திலுள்ள திருகைச் சிறிது சிறிதாகத் திருப்பி, சகர ஒலிகள் மிகத் தெளிவாகக் கேட்கும் இடத்தில் நிறுத்த வேண்டும். இங்கே இழந்ததைப் பின்னர் எந்த மென்பொருளாலும் முழுமையாக மீட்க முடியாது.

உங்கள் சேகரிப்பில் வேகம் தனிக் கவனம் பெற வேண்டியது. பேட்டரி தளர்ந்த ரெக்கார்டர் நாடாவை மெதுவாக இழுத்துப் பதிவு செய்திருந்தால், இன்று சரியான வேகத்தில் ஓட்டும்போது கலைஞரின் பேச்சு விரைந்து, அவர் இடையிடையே பாடிக்காட்டிய அடிகளின் சுருதியும் உயர்ந்துவிடும். அதை நம்பி அவர் பாடிய கட்டையை, அதாவது சுருதி அளவை, குறித்துக்கொள்ளும் ஆய்வாளர் தவறான முடிவுக்கே வருவார். மின்சாரத்தில் இயக்கிய பதிவென்றால் பின்னணியில் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் மெலிதாக இருக்கக்கூடும். அது 52 ஹெர்ட்ஸாகக் காட்டினால், வேகம் ஏறத்தாழ 4 சதவீதம் கூடுதல் என்று கணக்கிடலாம். இந்தத் திருத்தத்தையும், இரைச்சல் நீக்கத்தையும் கேட்பதற்கான நகலில் மட்டும் செய்யுங்கள். மூலக்கோப்பில் எதையும் தொடாதீர்கள், கேள்விக்கும் பதிலுக்கும் இடைப்பட்ட மௌனத்தைக்கூட வெட்டாதீர்கள்.

மூலக்கோப்பு 96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் வேவ் வடிவில் இருக்கட்டும். ஸ்டீரியோவில் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 2 ஜிபி ஆகும். மூன்று பிரதிகள் எடுத்து, ஒன்றை வேறு ஊரில் வையுங்கள். கேசட்டுகளையும் எறிந்துவிடாதீர்கள். பொதுவில் வெளியிடுவதானால் கலைஞரிடமோ வாரிசுகளிடமோ எழுத்துமூலம் அனுமதி பெறுவதே முறை. நிறுவனம் ஒன்றிடம் ஒப்படைக்க எண்ணினால், 1982இல் தொடங்கப்பட்டு குருகிராமில் இயங்கும் இசை ஆவணக் காப்பகத்தை அணுகிப் பார்க்கலாம்; அமெரிக்க இந்தியவியல் நிறுவனத்தின் அங்கமான அது இத்தகைய களப்பதிவுகளுக்கானது.

இவை எல்லாவற்றையும்விட அவசரமான வேலை ஒன்று உண்டு. கேசட் அட்டையில் உள்ள குறிப்புகளைப் படமெடுத்துக்கொண்டு, பேசுபவர் யார், எந்த ஊர், எந்த ஜமா (கூத்துக் குழு), எந்த ஆண்டு என்பதைக் கோப்போடு சேர்த்து எழுதுங்கள். பெயரில்லாத குரல்கள் இருந்தால், அந்தந்த ஜமாவின் மூத்தவர்களிடம் நகலைப் போட்டுக்காட்டி, அவர்கள் சொல்வதையும் பதிவு செய்துகொள்ளுங்கள்.