தன்னை அறிதலுக்கு உருவகமாக எந்தக் கிரேக்கப் புராணக் கதையைச் சொல்வீர்கள்?

தண்ணீரில் தெரிந்த தன் உருவத்தையே காதலித்த நார்சிஸஸைப் பலர் சொல்வார்கள். என் பதில் ஈடிபஸ். உளப்பகுப்பாய்வாளர் ஃப்ராய்டின் புண்ணியத்தில் தாயை மணந்தவன் என்ற ஒரே அடையாளத்தோடு அவன் பெயர் நின்றுவிட்டது. கி.மு. 5-ஆம் நூற்றாண்டில் ஏதென்ஸில் சோஃபக்ளீஸ் எழுதிய நாடகத்தைப் படித்தால், 'நான் யார்' என்ற கேள்வியைப் பாதியில் விடாத ஒருவனைப் பார்க்கலாம்.

தீப்ஸ் நகரை மிரட்டிய, பெண் தலையும் சிங்க உடலும் கொண்ட ஸ்ஃபிங்ஸின் விடுகதை தெரிந்ததுதான்: காலையில் நான்கு கால், மதியம் இரண்டு, மாலையில் மூன்று, எது? 'மனிதன்' என்று சொல்லி நகரைக் காப்பாற்றி அரசனாகிறான் ஈடிபஸ். மனிதன் யார் என்று தெரிந்தவனுக்குத் தன்னைப் பெற்றவர்கள் யார் என்று தெரியாது. கைக்குழந்தையாக இருந்தபோது துளைத்துக் கட்டிய கணுக்கால்களின் தழும்பு மட்டும் கூடவே இருக்கிறது.

ஊரில் கொள்ளைநோய். முந்தைய அரசன் லாயஸைக் கொன்றவனைக் கண்டுபிடித்தால்தான் தீரும் என்கிறது டெல்ஃபியின் அருள்வாக்கு. விசாரணையை ஈடிபஸே நடத்துகிறான். 'நீ தேடும் ஆள் நீயேதான்' என்று கண் தெரியாத ஞானி டைரீசியஸ் ஆரம்பத்திலேயே போட்டு உடைத்துவிடுகிறார். ஈடிபஸுக்குக் கோபம்தான் வருகிறது, சதி என்கிறான். இந்த இடம் எனக்கு மிக முக்கியம். உண்மையை அடுத்தவர் வாயால் கேட்பது வேறு, தானே அங்கே போய்ச் சேர்வது வேறு.

அப்புறம் வருவதுதான் நாடகத்தின் உயிர். தன்னை வளர்த்த கொரிந்து அரசன் பெற்ற தகப்பன் இல்லை என்று ஒரு தூதன் மூலம் தெரிகிறது. மலையில் குழந்தையைக் கைமாற்றிக் கொடுத்தவன் லாயஸின் ஆட்டிடையன். லாயஸின் விதவையும் இப்போது ஈடிபஸின் மனைவியுமான ஜொகாஸ்டாவுக்கு அந்த நொடியே எல்லாம் விளங்கிவிடுகிறது. இதற்கு மேல் தோண்டாதே என்று கெஞ்சுகிறாள். அவன் கேட்கவில்லை. கிழட்டு இடையனை இழுத்து வருகிறார்கள். அவன் வாய் திறக்க மறுக்கிறான். கையை முறுக்கிக் கட்டச் சொல்கிறான் ஈடிபஸ். சொல்லக்கூடாததைச் சொல்லும் நிலைக்கு வந்துவிட்டேன் என்று கிழவன் தவிக்க, கேட்கக்கூடாததைக் கேட்கும் நிலையில் நானும் இருக்கிறேன், ஆனாலும் கேட்டே ஆகவேண்டும் என்கிறான். உள்விழிப்பு என்று நான் நினைப்பது இதைத்தான். பதில் தன்னையே அழித்துவிடும் என்று தெரிகிறது, அரசன் அவன், யாரும் கட்டாயப்படுத்தவில்லை. அப்படியும் கேட்கிறான். கிடைக்கும் பதில்: அவன் கொன்ற லாயஸ்தான் தகப்பன், மணந்த ஜொகாஸ்டாதான் தாய்.

ஜொகாஸ்டாவின் ஆடை ஊசிகளால் அவன் தன் கண்களைக் குத்திக்கொள்வதோடு பலர் கதையை நிறுத்திவிடுகிறார்கள். சோஃபக்ளீஸ் தன் முதுமையில் 'கொலோனஸில் ஈடிபஸ்' என்று இன்னொரு நாடகம் எழுதினார். அவர் இறந்த பிறகு, கி.மு. 401-இல் அது மேடையேறியது. அதில் மகள் ஆண்டிகனியின் கைபிடித்து நடக்கும் கிழவன் ஈடிபஸ் தெளிவாகப் பேசுகிறான்: நடந்தது எல்லாம் நடந்ததுதான், ஆனால் தெரியாமல் செய்தேன், அறிந்து பாவம் செய்தவன் நான் அல்ல. செய்ததை மறைக்கவும் இல்லை, அதற்காகக் குறுகி நிற்கவும் இல்லை. தீப்ஸ் விரட்டிய அவனுக்கு ஏதென்ஸ் அரசன் தீசியஸ் அடைக்கலம் தருகிறான். தன்னை அறிந்தபின் ஒருவன் எப்படி வாழ்வான் என்று தெரிய வேண்டுமானால் இந்த இரண்டாவது நாடகத்தையும் படியுங்கள்.