வெளியே பணம் போட்டால் 15 சதவீதம் தள்ளுபடி: அந்தப் பதினைந்து எங்கிருந்து வருகிறது?

கேள்வி: அலிபாபா என்ற மொத்த விற்பனைத் தளத்தில் ஒரு சீன விற்பனையாளரிடம் 300 மேசை விளக்கு வாங்கப் பேசிக்கொண்டிருக்கிறேன். இதுதான் முதல் ஆர்டர். விலையைக் குறைக்கச் சொன்னால் தப்பாக நினைப்பாரோ என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். 'தளத்தில் வேண்டாம், நேராக வங்கிக் கணக்கில் போட்டால் 15 சதவீதம் குறைக்கிறேன்' என்கிறார். சம்மதிக்கலாமா?

பதில்: சம்மதிக்காதீர்கள். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் உங்கள் தயக்கம். மொத்த விற்பனைத் தளத்தில் போட்டிருக்கும் விலை பேச்சைத் தொடங்குவதற்கான விலை. நீங்கள் பேரம் பேசுவீர்கள் என்று எதிர்பார்த்துத்தான் அவர் உட்கார்ந்திருக்கிறார். ஈபே தளத்தில் இதற்கென்றே, வாங்குகிறவர் தன் விலையைச் சொல்லிக் கேட்கும் 'பெஸ்ட் ஆஃபர்' வசதி இருக்கிறது. அங்கே விற்பவர் ஏற்றுக்கொண்டால் வாங்கியே ஆக வேண்டும் என்பதால், சும்மா கேட்டுப் பார்க்காதீர்கள்.

'கொஞ்சம் குறையுங்கள்' என்று மட்டும் கேட்டால் ஒன்றிரண்டு சதவீதம் தள்ளிவிட்டு முடித்துக்கொள்வார். 300, 500, 1000 என்று மூன்று எண்ணிக்கைக்கும் தனித்தனியே விலை கேளுங்கள். எந்த எண்ணிக்கையில் விலை சடாரென்று இறங்குகிறது என்று தெரிந்துவிடும். எல்லாமே ஒரே நிறமாக இருந்தால் எவ்வளவு, அச்சடித்த அட்டைப்பெட்டி இல்லாமல் சாதாரணப் பெட்டி என்றால் எவ்வளவு என்றும் கேளுங்கள். அவருக்குச் செலவு மிச்சமாகும் இடத்தில்தான் உங்களுக்கும் விலை குறையும். சின்னச் சின்ன வாக்கியமாக எழுதுங்கள்; அவர் மொழிபெயர்ப்புக் கருவியில் போட்டுத்தான் படிப்பார்.

விளக்கின் விலையில் மல்லுக்கட்டுகிறவர்கள் கூரியர் கட்டணத்தைக் கவனிப்பதே இல்லை. பெட்டியின் நீள, அகல, உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி, பெரிய கூரியர் நிறுவனங்கள் 5000-ஆல் வகுக்கும். வரும் எண்ணும் உண்மையான எடையும், இதில் எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம். 60, 40, 40 அளவுள்ள பெட்டி நிஜத்தில் 8 கிலோ இருந்தாலும் 19.2 கிலோவுக்குப் பணம் கட்டுவீர்கள். விளக்கின் மேல்மூடிகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கச் சொல்லி, அதே சரக்கு 20 சென்டிமீட்டர் உயரத்துக்குள் அடங்கிவிட்டால் அது 9.6 கிலோ ஆகிவிடும். எந்தத் தள்ளுபடியும் இந்த அளவுக்கு மிச்சம் பிடித்துத் தராது.

இனி அந்தப் பதினைந்து சதவீதம். தளக் கட்டணம் மிச்சமாகிறது, அதைத்தான் உங்களுக்குத் தருகிறேன் என்பார். அந்தத் தளம் ஓர் ஆர்டருக்கு எடுக்கும் கட்டணம் பதினைந்துக்குப் பக்கத்தில்கூட வராது. அப்படியானால் இரண்டில் ஒன்று: விலையிலேயே அவருக்கு அவ்வளவு இடம் இருக்கிறது, அதைத் தளத்துக்குள்ளேயே தரலாம். அல்லது சரக்கை ஒழுங்காக அனுப்பும் எண்ணம் இல்லை. சரக்கு வராவிட்டாலோ சொன்னபடி இல்லாவிட்டாலோ பணத்தைத் திரும்பக் கேட்க உதவும் தளத்தின் 'டிரேட் அஷ்யூரன்ஸ்' பாதுகாப்பு, தள ஆர்டர் வழியாகக் கட்டிய பணத்துக்கு மட்டும்தான். வெளியே போட்ட பணம் பெரும்பாலும் போனது போனதுதான்.

புகார் செய்தால் என்ன நடக்கிறது? 'வெளியே கட்டியதற்கு நாங்கள் பொறுப்பல்ல' என்று ஒரு வரியில் பதில் வரும். தளத்தில் அந்த விற்பனையாளரின் பக்கம் பல நேரம் அப்படியே இருக்கும். 'கோல்டு சப்ளையர்' பட்டத்தைப் பார்த்து நம்பினோம் என்று எத்தனையோ பேர் என்னிடம் வந்திருக்கிறார்கள். அது சந்தா கட்டி எடுக்கும் உறுப்பினர் தகுதி. சரக்கின் தரத்துக்கு யாரும் கொடுத்த சான்று அல்ல. வாங்குகிறவர் கண்ணில் படும்படி தளம் இதை எழுதி வைப்பதில் என்ன கஷ்டம் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

'நான் பேசி விலையைக் குறைத்துத் தருகிறேன்' என்று வரும் இடைத்தரகர்களிடம் இன்னும் கவனம். உங்களிடம் ஒரு கமிஷன், தொழிற்சாலையிடம் ஒரு கமிஷன் என்று இரண்டு பக்கமும் வாங்குகிறவர்கள் உண்டு. தொழிற்சாலை கொடுத்த அசல் பில்லைக் கேளுங்கள். காட்ட மறுத்தால் விட்டுவிடுங்கள். பில்லில் மதிப்பைக் குறைத்து எழுதினால் வரி மிச்சம் என்றும் சொல்வார்கள். பார்சல் தொலைந்தால் எழுதிய மதிப்புக்கு மேல் இழப்பீடு கிடைக்காது. கஸ்டம்ஸில் பிடிபட்டால் மாட்டுவது இறக்குமதியாளரான நீங்கள்.

நேரடி வங்கிப் பரிமாற்றம் எப்போதுமே கூடாதா? இல்லை, ஒரு விதிவிலக்கு இருக்கிறது. அவரிடமே மூன்று நான்கு ஆர்டர் தளம் வழியாக ஒழுங்காக வந்து சேர்ந்த பிறகு செய்யலாம். அப்போதும் கணக்கு நிறுவனத்தின் பெயரில் இருக்க வேண்டும், தனிநபர் பெயரில் கூடாது. சில நிறுவனங்கள் ஹாங்காங்கில் வேறு பெயரில் கணக்கு வைத்திருக்கும். அப்படியென்றால் இரண்டுக்கும் உள்ள தொடர்பை ஆவணத்தில் காட்டச் சொல்லுங்கள், வாய்வார்த்தை போதாது. 30 சதவீதம் முன்பணம், மீதி 70 சதவீதம் சரக்கைப் பரிசோதித்த பிறகு. நடுவில் 'கணக்கு எண் மாறிவிட்டது' என்று மின்னஞ்சல் வந்தால், அவர் முகத்தை வீடியோ அழைப்பில் பார்த்து உறுதிசெய்யாமல் ஒரு பைசா அனுப்பாதீர்கள். மின்னஞ்சலுக்குள் புகுந்தவர்கள் இப்படித்தான் பணத்தைத் தங்கள் கணக்குக்குத் திருப்பிவிடுகிறார்கள். உங்களுடையது முதல் ஆர்டர் என்பதால் இந்த விதிவிலக்கு உங்களுக்குப் பொருந்தாது.

அவருக்கு இப்படி எழுதுங்கள்: 'தளத்திலேயே ஆர்டர் போடுகிறேன். 10 சதவீதம் குறையுங்கள். மேல்மூடிகளை அடுக்கிக் கட்டுங்கள். பெட்டி அளவைச் சொல்லுங்கள்.' சம்மதித்தால் எத்தனை வாட் விளக்கு, பிளக் வகை, ஒயர் நீளம், நிறம் எல்லாவற்றையும் ஆர்டரிலேயே எழுதச் சொல்லிவிட்டுப் பணம் கட்டுங்கள்; தகராறு வந்தால் அதை வைத்துத்தான் பார்ப்பார்கள். மறுத்தால், அந்த விளக்கின் படத்தைப் போட்டு அதே தளத்தில் தேடுங்கள். அதே விளக்கை விற்கும் இன்னும் நாலு பேர் கிடைப்பார்கள்.