சர்டிபிகேட் இருக்கிறது, அலாயும் சரி. அப்புறம் என்ன பயம்?

கேள்வி: விமான பாகங்களைக் கடைந்து கொடுக்கும் சிறு பட்டறையில் கொள்முதல் பார்க்கிறேன். புது வியாபாரி ஒருவரிடமிருந்து டைட்டானியம் 6-4 (அலுமினியமும் வனேடியமும் கலந்த டைட்டானியம் அலாய்) கம்பிகள் வந்திருக்கின்றன. உருக்கிய ஆலை கொடுத்த சோதனைச் சர்டிபிகேட் இருக்கிறது. எந்த உலோகம் எவ்வளவு என்று காட்டும் எக்ஸ்ரே கன் (கைக்கருவி) வைத்துப் பார்த்தோம், அலாய் சரியாகக் காட்டியது. இது போதுமா?

பதில்: போதாது. கன் பொய் சொல்லாது, ஆனால் அதற்குப் பாதிதான் தெரியும். அலுமினியமும் வனேடியமும் எவ்வளவு என்று காட்டும்; ஆக்சிஜன், நைட்ரஜன் அதன் கண்ணில் படாது. டைட்டானியத்தில் வில்லங்கமே அங்கேதான். 1989-ல் அமெரிக்காவின் சூ சிட்டியில் விழுந்து நொறுங்கிய டிசி-10 விமானத்தில் எஞ்சின் விசிறித் தட்டு பிளந்ததற்கு மூலம், உருக்கும்போது நைட்ரஜன் ஏறி இறுகிப்போன ஒரு சின்னப் புள்ளி. இத்தனைக்கும் அது போலிச் சரக்கு அல்ல, முறையாகத் தயாரித்தது! ஆக்சிஜன், நைட்ரஜன் அளவை லேபில் பாருங்கள். உள்ளே இருக்கும் புள்ளிகளுக்கு அல்ட்ராசானிக் சோதனை.

பலத்தையும் கன் சொல்லாது. 2009-லும் 2011-லும் நாசாவின் செயற்கைக்கோள்களை ஏற்றிப்போன டாரஸ் எக்ஸ்எல் ராக்கெட்டுகளில், செயற்கைக்கோளை மூடியிருக்கும் மூக்குக் கூடு பிரியவில்லை, இரண்டு செயற்கைக்கோள்களும் போயின. அதில் சேர்ந்த அலுமினியத்தைக் கொடுத்த சாபா ப்ரொஃபைல்ஸ் ஆலையில் இழுவிசைச் சோதனை (இழுத்துப் பலம் பார்ப்பது) எண்களையே திருத்தி எழுதியிருந்தார்கள் என்பது நாசா விசாரணையில் தெரிந்தது. ஆக, கம்பியில் ஒரு துண்டை வெட்டி, வியாபாரி காட்டும் லேபுக்கு அல்ல, நீங்கள் தேர்ந்தெடுத்த லேபுக்கு அனுப்புங்கள்.

சரி, காகிதம். 2024-ல் போயிங், ஏர்பஸ் விமானங்களில் போலி ஆவணத்தோடு வந்த டைட்டானியம் சேர்ந்திருப்பது வெளியே வந்தது. அந்தச் சரக்கை அனுபவமுள்ள பெரிய நிறுவனங்களே வாங்கியிருந்தன. அதனால் சர்டிபிகேட்டில் உள்ள ஹீட் நம்பர் (ஒரே உருக்கில் வந்த உலோகத்துக்கு ஆலை இடும் எண்) சரிதானா என்று நேரே ஆலையிடம் கேளுங்கள். அதில் அச்சிட்ட தொலைபேசி எண்ணுக்கு அல்ல; ஆலையின் எண்ணை நீங்களே தேடி எடுங்கள். இரண்டு வேறு ஹீட்டுகளுக்கு இழுவிசை எண்கள் புள்ளி பிசகாமல் ஒன்றாக இருந்தால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும். உண்மையான உலோகம் அப்படி ஒத்துப்போகாது. சோதனைத் தேதி, சரக்கு அனுப்பிய தேதிக்குப் பிந்தியதா என்றும் பாருங்கள்.

ஆலை பதில் வரும்வரை கம்பிகளுக்குச் சிவப்பு டேக் போட்டுத் தனி ரேக்கில் வையுங்கள். அவசரம் என்று மெஷினில் ஏற்ற வேண்டாம். ஹீட் நம்பர் பொறித்த முனையைத்தான் பெரும்பாலும் முதலில் வெட்டிப் போடுவார்கள். அப்புறம் எது எந்த ஹீட் என்று யாருக்கும் தெரியாது.