எல்லை தாண்டினால் மது விலையும் மாறும்: ஸ்காட்லாந்தில் கடை வாங்குபவருக்கு

கேள்வி: இங்கிலாந்தின் கார்லைலில் ஒன்பது வருடமாகக் கடை வைத்திருக்கிறேன், மது லைசன்ஸும் உண்டு. பத்து மைல் தள்ளி, ஸ்காட்லாந்தின் கிரெட்னாவில் ஒரு கடை விலைக்கு வருகிறது. இதே சரக்கை இதே விலைக்கு அங்கே விற்கலாமா?

பதில்: முடியாது. உங்கள் பெர்சனல் லைசன்ஸே (மது விற்க உங்கள் பெயரில் தந்த அனுமதி) அங்கே செல்லாது. ஸ்காட்லாந்துக்கான பயிற்சியை முடித்து, அங்கே புதிதாக எடுக்க வேண்டும். கடையின் லைசன்ஸில் மேனேஜராகப் பெயர் இருப்பவரிடம் அந்த லைசன்ஸ் இல்லாவிட்டால் ஒரு பியர் கேன்கூட விற்கக் கூடாது.

சுகாதாரமும் மது லைசன்ஸும் எடின்பரோவிலுள்ள ஸ்காட்லாந்து நாடாளுமன்றத்தின் அதிகாரத்தில் வருகின்றன. பொதுமக்களின் உடல்நலத்தைக் காப்பதும் மது லைசன்ஸின் நோக்கம் என்று ஸ்காட்லாந்தின் 2005ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. இங்கிலாந்துச் சட்டத்தின் நான்கு நோக்கங்களில் அது கிடையாது. மற்ற வித்தியாசங்கள் பெரும்பாலும் இதிலிருந்தே கிளைக்கின்றன.

முதலில் விலை. 2018 மே 1 முதல் அங்கே ஒரு யூனிட்டுக்கு (பானத்திலுள்ள ஆல்கஹாலின் அளவு) குறைந்தபட்ச விலை உண்டு. அப்போது 50 பென்ஸ், 2024 செப்டம்பர் 30 முதல் 65 பென்ஸ். லிட்டரை மதுவின் சதவீதத்தால் பெருக்கினால் யூனிட் வரும். 70 சென்டிலிட்டர், 40 சதவீத விஸ்கி 28 யூனிட், 18.20 பவுணுக்குக் கீழே விற்க முடியாது. 440 மில்லி, 5 சதவீத லாகர் நான்கு கேன் 8.8 யூனிட், 5.72 பவுண். அடி விழுவது ஆப்பிள் மதுவான மலிவு சைடருக்குத்தான்: 7.5 சதவீத மூன்று லிட்டர் போத்தல் 14.63 பவுண் ஆகிவிடும். இங்கிலாந்தில் இப்படி ஒரு சட்டமே இல்லை. வேல்ஸில் 2020 மார்ச் 2 அன்று 50 பென்ஸில் தொடங்கியது.

பலர் சறுக்குவது விலை அச்சிட்ட பெட்டிகளில். கார்லைல் கேஷ் அண்ட் கேரியில் (மொத்த விற்பனைக் கடை) எடுத்த கேனில் போட்டிருக்கும் விலை குறைந்தபட்சத்துக்குக் கீழே இருந்தால், அந்த விலைக்கு விற்பது லைசன்ஸ் மீறல். கூட்டி விற்றாலோ வாடிக்கையாளரை ஏமாற்றியதாகும். விலை அச்சிடாத சரக்கையே எடுங்கள்.

2011 அக்டோபர் 1 முதல் 'ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்' மதுவுக்குக் கிடையாது. தனிக் கேன் 1.60 பவுணுக்கு வைத்திருந்தால், அதே கேன் நான்கு கொண்ட பேக்கை 6.40 பவுணுக்குக் கீழே விற்க முடியாது. விலையை மாற்றினால் 72 மணிநேரம் அப்படியே விட வேண்டும்.

மது விற்பனை காலை 10 முதல் இரவு 10 வரை மட்டும். 9.58க்கு வரிசையில் நிற்பவருக்கு 10.01க்குப் பில் போட்டால் அது மீறல்தான். நேரம் முடிந்ததும் மதுவைத் தானாக மறுக்கும்படி டில்லை செட் பண்ணிவிடுங்கள். வேலையாட்கள் ஒவ்வொருவருக்கும் மது விற்கத் தொடங்கும் முன் இரண்டு மணிநேரப் பயிற்சி கொடுத்து, கையெழுத்துடன் பதிவு வைத்திருங்கள். 25 வயதுக்குக் கீழே தெரிகிற எவரிடமும் அடையாள அட்டை கேட்பது அங்கே சட்டக் கட்டாயம்.

சிகரெட்டும் வேப்பும் விற்பதானால் ஸ்காட்லாந்தின் விற்பனையாளர் பதிவேட்டிலும் கடையைப் பதிய வேண்டும்.

மதுவை லேஅவுட் பிளானில் (லைசன்ஸுடன் இணைந்த கடை வரைபடம்) குறித்த இடத்தில்தான் வைக்கலாம். பழைய முதலாளி அலமாரியை நகர்த்தியிருந்தால் அந்தத் தலைவலி உங்களுக்கு வரும். அதனால் முன்பணம் கொடுக்கும் முன்பே பிளானைக் கையில் வைத்துக் கடையைச் சுற்றிப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் கிரெட்னா அடங்கும் டம்ஃப்ரீஸ் அண்ட் கேலோவே கவுன்சிலின் லைசன்ஸிங் ஸ்டாண்டர்ட்ஸ் ஆபீசரிடம் (லைசன்ஸ் விதிகள் கடைப்பிடிக்கப்படுகின்றனவா என்று பார்ப்பவர்) கேளுங்கள். கடைக்காரருக்கு வழிகாட்டுவதும் அவர் வேலைதான்.